முப்பத்தோராவது வால்வு

இதயத்து வால்வைச் செய்வது சுலபம் என்பேன்.
கேட்பவர்கள் சிரிப்பார்கள்.
அங்கே ரத்தம் கதவை உதைத்துக்கொண்டு வரும்.
காலில் அப்படி இல்லை.
கடன் கேட்க வந்தவன் மாதிரி
தயங்கித் தயங்கி மேலேறும்.
அந்தத் தயக்கத்துக்கே திறக்க வேண்டும்,
அது நின்ற மறுகணம்
விழாமல் மூடிப் பிடிக்க வேண்டும்.
தலைமுடி கனம்கூட இல்லாத இரண்டு இதழ்கள்.
இவ்வளவுதான் வேலை.
ஏழு வருடமாகிறது.

புளியரைச் சாவடிக்குக் கீழே, பழைய ரப்பர் குடோனில்
எங்கள் ஆய்வுக்கூடம்.
சாரல் நாட்களில் இன்றும் அந்த வாடை எழும்பும்.
கிளிசரினும் தண்ணீரும் கலந்து
ரத்தம் என்று பேர் சொல்லிக்
கண்ணாடிக் குழாயில் ஓடவிடுகிறோம்.
ஆரியங்காவிலிருந்து வரும் லிஜி
கேமராவில் கண் பதித்து
இதழ் சேரும்போதெல்லாம் "அடஞ்ஞு" என்பாள்.
அடஞ்ஞு. அடஞ்ஞு.
நாலாயிரத்துக்குப் பிறகு
எண்ணுவதை மெஷினிடம் விட்டாள்.

ராத்திரிச் சாப்பாடு பிரானூர் பார்டரில்.
கல்லுக்கு முன்னால் மசூது அண்ணன்.
பதினெட்டு வருடமாக, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்
அதே இரண்டடி இடத்தில் நிற்கிறார்.
மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே
கெண்டைக்காலில் சுருண்டு கிடப்பவை
வீசிச் சுருட்டி வைத்த மாவு மாதிரியே இருக்கும்.
கணுக்காலுக்கு மேல் தோல் அடிப்பிடித்த சால்னா நிறம்.
அதில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்,
ரம்ஜானுக்கு ஆறும், பக்ரீதுக்கு உடையும்.

"நரம்பு சுருட்டிக்கிட்டு, தங்கச்சி. வேற ஒண்ணுமில்ல."
"நரம்பு இல்லண்ணே, சிரை."
"அதுக்கு சலூனுக்குல்லா போவணும்."

இலையில் சால்னா தொட்டு வரைந்தேன்.
ஏணிப்படி போல் கதவுகள்.
ஒன்று கெட்டால் கீழே உள்ளதன் தலையில் பாரம்,
அதுவும் கெடும், அடுத்ததும்.
பரோட்டாவைத் தட்டிக்கொண்டே பார்த்தார்.
வெளியே சிமெண்ட் லாரி ஒன்று
மலையைப் பார்த்துத் திரும்பியது.
"எஸ் வளைவுல வண்டி திணறி நின்னா
கிளீனர் குதிச்சுப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பான்லா,
அது மாதிரியா?"
அதே மாதிரிதான்.
ஏழு வருடத்தில் நான் எழுதிய எந்த அறிக்கையிலும்
இவ்வளவு சுருக்கமாக இல்லை.
"அப்போ என் கால்ல கிளீனர் ஓடிப்போயிட்டான்னு சொல்லு."
"புதுசா ஒருத்தன செஞ்சுக்கிட்டு இருக்கோம்."
"எப்ப வேலைக்கு வாரான்?"

பதில் சொல்லவில்லை. இன்னொரு ஆம்லெட் கேட்டேன்.

அன்று காலையில்தான்
ஆட்டின் கழுத்துச் சிரையிலிருந்து
முப்பத்தோராவதை எடுத்திருந்தோம்.
ஆறு வாரம் ஒழுங்காக மூடியிருக்கிறது.
ஆனால் இதழுக்குப் பின்னால், பையின் அடிமூலையில்,
கடுகளவு கறுப்பு.
ரத்தத்துக்கு ஓடத் தெரியும்,
நின்றால் உறையத் தெரியும்,
மூன்றாவது வித்தை தெரியாது.
ஒரு கடுகு போதும்.
அதன்மேல் இன்னொன்று உட்காரும்.
லிஜி கையுறையைக் கழற்றாமல்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"அடஞ்ஞு போயி."
மூடியதற்கும் அடைத்துக்கொண்டதற்கும்
அவள் மொழியில் ஒரே சொல்.
எங்கள் தொழில் முழுக்க
அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

போன மாதம் கொடுத்த இறுக்கு உறையை
மசூது அண்ணன் போடுவதில்லை.
கல் வெக்கையில் கால் வெந்துபோகுதாம்.
போட்டேன் என்று பொய் சொல்கிறார்,
நானும் நம்புகிறேன் என்று பொய் சொல்கிறேன்.

ஒரு மணிக்கு அடுப்பை அணைத்தார்கள்.
பில் தாளின் பின்பக்கத்தில்
பையின் அடியை இன்னும் கொஞ்சம் அகலமாக,
மூலையே இல்லாமல் வரைந்துகொண்டிருந்தேன்.
உள்ளே அவர் தரையில் மல்லாந்து
கால்களை இரண்டு மைதா மூட்டைகள்மேல் போட்டிருந்தார்.
உயரம் சரிதான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறார்.
கதவே இல்லாத வழியில்
ரத்தம் சும்மா இறங்கி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
"புது ஆளுக்குப் பேர் வச்சாச்சா?"
கண் திறக்காமலே கேட்டார்.
"முப்பத்திரண்டு" என்றேன்.
"வெறும் நம்பரா," என்று
மறுகால் மாற்றிப் போட்டார்.